பெட்டியில் ஒன்பது

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து பல்வலி. மத்தியானக் கூட்டத்தில் அது மறந்தே போனது என்றால், கூட்டம் எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளலாம்.

வக்கீல் எங்களை மூன்று மணி நேரம் நிற்க வைத்துக் கேள்வி கேட்டார். அவர் உண்மையில் வக்கீல் இல்லை. எங்கள் ஆய்வைச் சலித்துப் பார்க்கும் பரிசீலனைக் குழுவின் தலைவர். குறுக்கு விசாரணை செய்யாமல் ‘வணக்கம்’ கூட ஏற்றுக்கொள்ள மாட்டார் என்பதால் அந்தப் பெயர். கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “சரி, இனிமே எனக்குக் கேக்க ஒன்னும் இல்ல. அடுத்த செவ்வாய் பெட்டியத் தொறந்துக்கோங்க” என்றார்.

ஆறு வருஷம். அடுத்த செவ்வாய்.

வெளியே வந்ததும் கடுகு நடைபாதையில் ஒரு குதி குதித்தான். முப்பத்தாறு வயது ஆள். உருவம் சின்னது, காரம் பெரியது. நாலு வருஷமாக இந்தத் தேடலில் என்னோடு இருக்கிறான். அவனுடைய தற்காலிக வேலை ஆகஸ்டில் முடிகிறது. ஏப்ரல் கடைசியில் ஒரு நிரந்தர வேலைக்கு நேர்காணல்.

மார்ச் 6, வியாழன்

என் வீட்டுக்காரருக்கு மறுபடியும் விளக்கினேன். பதினைந்து வருஷமாக டவுன் பஸ் ஓட்டுகிறவர். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பது போலவே கேட்பார்.

“புரோட்டான்களை ரெண்டு பக்கத்துல இருந்தும் ஓட விட்டு மோத விடறோம். தெறிக்கறது முக்கால்வாசி தெரிஞ்ச சாமான்தான். நாங்க தேடறது, மோதின எடத்துலயே ஒடையாம, கண்ணுல படாம ஒன்னு ரெண்டு மீட்டர் தள்ளிப் போய், அப்புறம் ரெண்டு மியூவானா, அதாவது எலக்ட்ரான் மாதிரியே ஆனா கனமான துகளா, ஒடையற ஒரு புதுத் துகள்.”

“ஸ்டாப்புல எறங்காம தள்ளி எறங்கற பாசஞ்சர்.”

“அதேதான்.”

“அது பாசஞ்சர் தப்பு இல்லம்மா. டிரைவர் தள்ளி நிறுத்தியிருப்பான்.”

சிரித்தேன். பல் வலித்தது.

பெட்டி என்றால் என்ன என்று கேட்டார். அப்படித் தள்ளி உடைந்த மாதிரி தெரியும் மோதல்களையெல்லாம் பார்க்காமல் மூடி வைத்திருக்கிறோம் என்றேன். முதலிலேயே பார்த்துவிட்டால் நமக்கு வேண்டிய விடை வரும்படி விதிகளை வளைத்துவிடுவோம். மனுஷப் புத்தி அப்படி. விதிகளை எல்லாம் எழுதிப் பூட்டிய பிறகுதான் திறக்க வேண்டும். புதுத் துகள் ஒன்றும் இல்லாவிட்டாலும் சாதாரணக் காரணங்களால் இரண்டு மோதல் உள்ளே இருக்கும் என்பது எங்கள் கணக்கு. இரண்டோ மூன்றோ இருந்தால், ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

“நாலு இருந்தா?”

“அதுவும் இல்லைதான்.”

“கஞ்சம் புடிச்ச வேலை” என்று எழுந்து போனார்.

மார்ச் 11, செவ்வாய்

ஒன்பது.

மார்ச் 12, புதன்

நேற்று அதற்கு மேல் எழுத வரவில்லை.

அந்தச் சின்ன அறையில் பதினொரு பேர். நாற்காலி போதாமல் கடுகு குப்பைக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். கட்டளையைத் தட்டியது நான். நாற்பது நொடி ஓடியது. பிறகு திரையில் ஒரே வரி. எதிர்பார்த்தது 2.1. கண்டது 9.

வக்கீல் திரைக்கருகே போய்க் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, “ஆறா ஒம்போதா? எனக்குத் தலைகீழா தெரியுதா?” என்றார்.

“ஆறா இருந்தாலும் ஜாஸ்திதான் சார்” என்றான் கடுகு. குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

தற்செயலாக இப்படி வர மூவாயிரத்தில் ஒரு வாய்ப்பு. ‘கண்டுபிடித்தோம்’ என்று சொல்ல அது முப்பத்தைந்து லட்சத்தில் ஒன்றாக இருக்க வேண்டும். ஆகவே இது கண்டுபிடிப்பு இல்லை, தடயம். இதை நான் பதினொரு பேருக்கும் நிதானமாகச் சொன்னேன்.

பெரியம்மா வந்தார். இரண்டாயிரம் பேர் வேலை செய்யும் இந்தப் பரிசோதனைக்குத் தலைவர். முகத்துக்கு நேரே ‘மேடம்’, முதுகுக்குப் பின்னால் பெரியம்மா. திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். “வெளிய மூச்சு விடக் கூடாது. வக்கீல் கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்லுங்க. எல்லாம் சரியா இருந்தா மே மாச மாநாட்டுல நீங்கதான் பேசறீங்க.” என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

போகும்போது கடுகு கேட்டான்: “அக்கா, அதுக்குப் பேர் வைக்கச் சொன்னா என்ன பேர் வெப்பீங்க?”

“மொதல்ல பொறக்கட்டும்டா.”

மார்ச் 15, சனி

பல்லைப் பிடுங்கியாயிற்று. பஞ்சைக் கடித்துக்கொண்டு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தது சுகமாக இருந்தது. ஒன்பது, ஒன்பது, ஒன்பது என்று உள்ளே மட்டும்.

மார்ச் 20, வியாழன்

வக்கீலிடமிருந்து முப்பத்தொரு கேள்விகள். பதினான்காவது: ‘இந்த ஒன்பதும் எப்போது எப்போது நடந்தவை?’

கடுகு பட்டியல் எடுத்தான். அதில் நாலு மோதல் மூன்று வருஷத் தரவில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கின்றன. தரவு எடுக்கும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு வரிசை எண் உண்டு. மற்ற ஐந்தின் ஓட்ட எண்கள் மட்டும் பக்கத்துப் பக்கத்தில். ஒரே நாளாக இருக்கும்.

“அன்னைக்கு புரோட்டான் பீம் செம பலம் அக்கா. மோதல் ஜாஸ்தி, அதனால இதுவும் ஜாஸ்தி” என்றான். கணக்குப் போட்டுப் பார்த்தோம். மோதல் அதிகம்தான். ஆனால் ஐந்து வரும் அளவுக்கு இல்லை.

வக்கீல் பதறவில்லை. “அன்னைய ஷிப்ட் பதிவேட்டுல ஏதாவது கோளாறு எழுதியிருக்கான்னு பாத்து ஒரு வரி அனுப்புங்க. ஒன்னும் இல்லன்னா விட்டுடலாம்.”

நாளைக்குப் பார்க்க வேண்டும்.

மார்ச் 21, வெள்ளி

பார்த்தேன்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய ஜூன் 17, வெள்ளிக்கிழமை. காலை ஷிப்ட். பன்னிரண்டு மணி — தரம் சரி. ஒரு மணி — தரம் சரி. இரண்டு மணி — தரம் சரி. மூன்றுக்கும் கீழே ஒரே பெயர். என் பெயர்.

அந்தத் தேதியை எனக்கு யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. அப்பா இறந்ததற்கு முந்தின நாள்.

மார்ச் 22, சனி

எழுதிவிட்டால் தெளியுமா என்று பார்க்கிறேன்.

அன்று கட்டுப்பாட்டு அறையில் தரம் பார்ப்பது என் முறை. மணிக்கு ஒரு தடவை இருபத்து நாலு வரைபடங்களைத் திருப்பிப் பார்த்து, பழைய மாதிரியோடு ஒப்பிட்டு, ‘சரி’ என்று பதிய வேண்டும். பதினொன்றேகாலுக்குத் தம்பி கூப்பிட்டான். “அக்கா, அப்பாவுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரில சேத்திருக்கோம். பயப்பட ஒன்னும் இல்ல. நீ வேலைய முடிச்சுட்டே கெளம்பு.” மாற்று ஆள் வர இரண்டு மணி ஆகும். நான் யாரிடமும் சொல்லவில்லை. அழுதுவிடுவேன் என்று பயம். திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணிக்குக் கிளம்பினேன். ஊர் போய்ச் சேர்ந்தபோது விடிந்திருந்தது. அப்பா இல்லை.

வரைபடங்களைத் திருப்பினேனா? சத்தியமாக ஞாபகம் இல்லை. பொத்தானை அழுத்தினது மட்டும் பதிவேட்டில் இருக்கிறது.

மூன்று வருஷமாக ஒரே ஒரு சமாதானம் வைத்திருந்தேன். அப்பா பக்கத்தில் இல்லாவிட்டாலும் வேலையை விட்டு ஓடாமல் கடைசி நிமிஷம் வரை இருந்தேனே என்று. இப்போது? அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. அப்படியென்றால் அந்த மூணு மணி நேரம் நான் எங்கதான் இருந்தேன்?

மார்ச் 24, திங்கள்

பதிவேட்டில் கோளாறு எதுவும் இல்லை. ‘ஒன்றும் இல்லை’ என்று வக்கீலுக்கு ஒரு வரி அனுப்பினால் முடிந்தது. அது பொய்கூட ஆகாது. ஆனால் அந்த ‘சரி’யை நம்பக் கூடாது என்று தெரிந்த ஒரே ஆள் நான்.

காலையில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அன்றைய மின்னழுத்தப் பதிவுகளைத் தேடி எடுத்தேன். மியூவான்களைப் பிடிக்க, கருவியின் வெளிச்சுற்றில் வாயு நிரப்பிய அறைகள் இருக்கும். அதில் ஒன்றின் மின்னழுத்தம் 11.31-க்குச் சரியத் தொடங்கியிருக்கிறது. எச்சரிக்கை மணி அடிக்கும் கோட்டைத் தொடவில்லை. அதற்கு ஒரு விரற்கடை மேலேயே ஊர்ந்துகொண்டிருக்கிறது. 2.20-க்குச் சரியாகிவிட்டது. என்னிடமிருந்து ஷிப்டை வாங்கிக்கொண்டவர் வரைபடத்தைப் பார்த்துச் சரிசெய்திருக்கிறார். ‘சிறு திருத்தம்’ என்று ஒரு வரி எழுதியும் இருக்கிறார். அதற்கு முந்தைய மூன்று மணி நேரத்தை அவர் ஏன் சந்தேகப்படப் போகிறார்? அங்கேதான் மூன்று ‘சரி’ இருக்கிறதே.

மின்னழுத்தம் குறைந்தால் அந்த அறை தாமதமாகப் பதில் சொல்லும். நட்டநடுவில் பிறந்த மியூவான், ஒரு மீட்டர் தள்ளிப் பிறந்த மாதிரி தெரியும். ஐந்து மோதலையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஐந்திலும் ஒரு மியூவானாவது அந்த அறை வழியாகத்தான் போயிருக்கிறது.

பார்க்காமல் இருந்திருக்கலாம்.

இல்லை. அப்படி எழுதக் கூடாது. பார்த்தது நல்லது.

மார்ச் 25, செவ்வாய்

வீட்டில் சொன்னேன். அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியைக் கீழே வைக்கவில்லை.

“யாருக்காவது தெரியுமா?”

“எனக்கு மட்டும்தான்.”

“அப்ப நாளைக்கே சொல்லிடு. இன்னைக்கு ஒரு பிடி இருக்கறது, ஒரு வாரம் போனா ஒரு மூட்டை ஆயிடும்.”

“கடுகுக்கு வர இருந்த வேலை போயிடுங்க.”

கொஞ்ச நேரம் தைத்தார். “அவன்கிட்ட மொதல்ல சொல்லு. அடுத்தவங்க வாயால கேக்க விடாத” என்றார்.

மார்ச் 26, புதன்

கடுகிடம் சொன்னேன். கேன்டீனில் வேண்டாம் என்று கட்டடத்துக்குப் பின்னால், குளிரூட்டும் குழாய்கள் போகும் சந்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே சத்தம் அதிகம். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

முதலில் சிரித்தான். விளையாடுகிறேன் என்று நினைத்திருக்கிறான். மின்னழுத்தப் படத்தைக் காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தான்.

“அஞ்சு போனா நாலு.”

“ஆமா.”

“நாலுன்னா ஒன்னுமே இல்ல.”

“ஆமாடா.”

“நாலு வருஷம்க்கா. வெண்ணெ தெரண்டு வரப்பத் தாழிய ஒடச்சுட்டீங்களே.” பிறகு குரல் ஏறியது. “ஒரு போன் வந்தா பக்கத்துல இருக்கறவங்ககிட்ட ‘இதக் கொஞ்சம் பாருங்க’ன்னு சொல்றதுக்கு என்ன? அவ்ளோ பெரிய அறையில ஆறு பேர் இருந்திருப்பாங்க! ஏன் சொல்லல?”

“தெரியல.”

“தெரியலன்னா?”

அவன் போய்விட்டான். மத்தியானம் அவன் மேஜை காலியாக இருந்தது.

மார்ச் 27, வியாழன்

பெரியம்மாவிடம் சொன்னேன். அவர் குறிப்பேட்டில் எதையோ எழுதினார். ‘எத்தனை மணிக்கு’ என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்காக அவரைக் கும்பிடலாம் போலிருந்தது.

“மே மாநாட்டுப் பேச்ச நிறுத்தி வெச்சிருக்கேன். வக்கீலக் கூப்பிடுங்க” என்றார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

வக்கீல் சொல்வதும் நியாயம்தான். “பெட்டியத் தொறந்து பாத்தப்புறம், எனக்கு இந்த அஞ்சு வேணாம்னு நீங்களே தூக்கிப் போட முடியாது. நாளைக்கு இன்னொருத்தர் வேற காரணம் சொல்லி வேற அஞ்ச சேத்துக்குவாரு.”

ஆகவே இப்படி ஏற்பாடு. எந்த மோதல் எப்போது நடந்தது என்று அறியாத இரண்டு பேர், மூன்று வருஷத்து மின்னழுத்தப் பதிவுகளையும் தர வரைபடங்களையும் முதலிலிருந்து பார்ப்பார்கள். எது கெட்ட நேரம் என்று அவர்கள்தான் தீர்மானிப்பார்கள். ஜூன் 17 என்று அவர்களிடம் யாரும் மூச்சு விடக் கூடாது. அவர்கள் முடிவு எதுவோ அதுவே முடிவு.

எழுந்திருக்கும்போது வக்கீல், “பதினாலாவது கேள்விய நான் சும்மா வழக்கத்துக்குக் கேட்டேன்” என்றார். அதை ஏன் என்னிடம் சொன்னார் என்று தெரியவில்லை. ஒரு மாதிரி ஆறுதலாக இருக்கலாம்.

ஏப்ரல் 3, வியாழன்

கடுகு வேலைக்கு வருகிறான். ‘அக்கா’ இல்லை. ‘நீங்க’ மட்டும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

தம்பியைக் கூப்பிட்டேன். வாராவாரம் பேசுவதுதான். இன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அன்று அவன் கூப்பிட்ட நேரம், நான் உட்கார்ந்தே இருந்தது, பார்க்காமல் ‘சரி’ போட்டது.

இணைப்பு போய்விட்டதோ என்று “டேய்” என்றேன்.

“இருக்கேன்க்கா.” பிறகு, “அன்னைக்கு நான் ஃபோன் பண்றதுக்கு முன்னாடியே டாக்டர் சொல்லிட்டார். ராத்திரி தாண்டறது கஷ்டம்னு.”

நான் ஃபோனை மற்ற காதுக்கு மாற்றினேன்.

“நீ தனியா அவ்ளோ தூரம் வரணும். வழியில ஒடஞ்சு போயிடுவியேன்னு… பயப்பட ஒன்னும் இல்லன்னு வாய்ல வந்துடுச்சு. வேலைய முடிச்சுட்டு வான்னு வேற சொன்னேன். உடனே கெளம்பியிருந்தா ஒரு வேள பாத்திருப்ப. மூணு வருஷமா ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் இத சொல்லணும்னுதான் ஃபோன எடுக்கறேன். சொல்லாம வெச்சுடறேன்.”

எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அப்பா எல்லா வாரமும் “என்னம்மா, அந்தத் துகள் ஆப்புட்டுச்சா?” என்று கேட்பாரே, அந்தக் குரல்தான் வந்தது. லேத் பட்டறையில் வேலை பார்த்துப் பார்த்துக் காது மந்தமாகி, எல்லாவற்றையும் உரக்கக் கேட்பார். தம்பியிடம் அதைச் சொன்னேன். இருவரும் ஒரே நேரத்தில் சிரித்து, ஒரே நேரத்தில் அழுதோம். நாற்பது வயதுக்கு மேல் இதெல்லாம் தேவையா.

“டேய், இனிமே என்கிட்ட ஒன்னும் இல்லன்னு சொல்லாத. இருந்தா இருக்குன்னு சொல்லு.”

“சரிக்கா.”

ஏப்ரல் 16, புதன்

அந்த இருவரின் பட்டியல் வந்தது. மூன்று வருஷத்தில் மொத்தம் நாலு துண்டு நேரங்களைக் கெட்டவை என்று நீக்கியிருக்கிறார்கள். மூன்றாவது துண்டு: ஜூன் 17, 11.31 முதல் 2.20 வரை. நிமிஷம்கூடப் பிசகவில்லை.

பெட்டியை மறுபடி எண்ணினோம். எதிர்பார்த்தது 2.0. கண்டது 4. ஏழில் ஒரு தடவை தற்செயலாகவே இப்படி வரும். ஆக, ஒன்றும் இல்லை.

வக்கீல் கையெழுத்துப் போட்டார். இந்த முறை அறையில் எல்லோருக்கும் நாற்காலி இருந்தது.

ஏப்ரல் 17, வியாழன்

காலையில் என் மேஜையில் ஒரு தாள். கடுகின் எழுத்து. நாலு மோதலோடு வரைபடங்களை எல்லாம் புதிதாகப் போட்டு வைத்திருக்கிறான். ஓரத்தில்: ‘அக்கா, வரைபட அச்சுகளில் உள்ள எழுத்து சின்னதாக இருக்கிறது, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.’

‘அக்கா’ என்ற சொல்லை நாலைந்து தடவை படித்தேன். எழுத்து சின்னதாக இல்லை. இருந்தாலும் பெரிதாக்கச் சொன்னேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

கடுகின் நேர்காணல். முடிந்ததும் கூப்பிட்டான்.

“ஒம்போது எப்படி நாலாச்சுன்னு சொன்னேன். உங்க பேர் சொல்லல. நாப்பது நிமிஷம் அதப் பத்தியேதான் கேட்டாங்க.”

“என் பேர சொல்லியிருக்கலாமே.”

“கேட்டாங்க. சொல்ல மாட்டேன்னுட்டேன். கூட வேலை பாக்கறவங்களக் காட்டிக் குடுக்கறவன்னு நெனச்சுட்டா?”

மே 9, வெள்ளி

கடுகுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. இரண்டாம் இடம். ஒன்பது ஒன்பதாகவே இருந்திருந்தால் கிடைத்திருக்குமா? கிடைத்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இதை அவனிடமும் சொன்னேன், பூசி மெழுகவில்லை.

“ஆமாக்கா. அப்புறம் ரெண்டு வருஷம் கழிச்சு வேற யாராவது அந்தத் தப்பக் கண்டுபுடிச்சிருப்பாங்க. அப்ப அந்த வேலையில உக்காந்துக்கிட்டு என்ன பண்றது?” என்றான். குரலில் காரமும் இல்லை, சமாதானமும் இல்லை.

மே 22, வியாழன்

மாநாடு. எங்களுக்குப் பத்து நிமிஷம், சாப்பாட்டுக்கு முந்தைய நேரம். எந்த எடையில், எவ்வளவு ஆயுளில் அந்தத் துகள் இல்லை என்று ஒரு படம். அதுவரை யாரும் தேடிக் கழிக்காத பெரிய பரப்பை ‘இங்கே இல்லை’ என்று கழித்திருக்கிறோம். இரண்டு கேள்விகள். ஒன்று, மைக்கில் சத்தம் கேட்கிறதா என்பது.

ஆனால் சாப்பாட்டு வரிசையில், பல வருஷமாக எங்களோடு போட்டி போடும் இன்னொரு பரிசோதனையைச் சேர்ந்த அம்மா ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். “உங்க படத்த வெச்சு நாங்க தேட வேண்டிய எடம் பாதியாச்சு. நன்றி” என்றார். பாராட்டு என்று உடனே புரியவில்லை.

ஜூன் 12, வியாழன்

பெரியம்மா கூப்பிட்டனுப்பினார். செப்டம்பரில் இயந்திரத்தின் புது ஓட்டம் தொடங்குகிறது. தேடல் குழுவுக்கு மறுபடி தலைமை ஏற்கலாம், அல்லது தரவின் தரம் பார்க்கும் பொறுப்பு காலியாக இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளலாம். “இதுக்கு யாரும் கை தூக்க மாட்டாங்க. கட்டாயம் இல்ல” என்றார்.

கை தூக்கினேன். தண்டனை மாதிரி எடுத்துக்கொள்கிறேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை. அந்த அறையில் என்ன மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவ்வளவுதான்.

ஜூலை 30, புதன்

ஒரு ஆள் மட்டும் ‘சரி’ போட முடியாதபடி மாற்றியாயிற்று. இன்னொருவரும் பார்த்தால்தான் பதிவாகும். எச்சரிக்கைக் கோட்டையும் ஏற்றினோம். பதிவேட்டில் புதிதாக ஒரு பகுதி: ‘நான் சரியாகப் பார்க்கவில்லை.’ அதை எழுதுகிறவரிடம் ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது என்பது விதி. குழுவில் சிலர் சிரித்தார்கள். “எவன் தானா வந்து எழுதுவான்?” என்றார் ஒருவர். முதல் வரியாக ஜூன் 17-ஐ என் பெயரோடு எழுதினேன். சிரிப்பு நின்றது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கடுகு கிளம்பினான். வானிலை நிலையத்தில் வேலை. மழை வருமா வராதா என்று சொல்லும் குழு. தன் காபிக் கோப்பையை எனக்கு விட்டுப் போயிருக்கிறான், கைப்பிடி உடைந்தது. வாசல்வரை போனேன். “உடம்பப் பாத்துக்கோ” என்றேன். “நீங்களும்க்கா. ஃபோன் வந்தா எழுந்து போய் எடுங்க” என்றான்.

செப்டம்பர் 12, வெள்ளி

கடுகிடமிருந்து செய்தி: ‘இங்க தெனமும் தப்பாகுது. மறுநாள் காலையில எல்லாரும் உக்காந்து ஏன்னு பேசறாங்க. யாரும் அழறதில்ல. புடிச்சிருக்கு.’

செப்டம்பர் 25, வியாழன்

புது ஓட்டம் தொடங்கி மூன்றாவது வாரம். பீம் நன்றாக இருக்கிறது.

காலை பத்தரைக்கு அறைக் கதவைத் தட்டி ஒரு பெண் வந்தாள். ஷிப்டுக்குப் புதிது. கையில் நேற்றைய ஓட்ட எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்திருந்தாள். உட்காரவில்லை.

“மேடம், நேத்து மத்தியானம் ஒரு மணி நேரம்… நான் படத்த எல்லாம் பாக்கல. பக்கத்துல இருந்தவர் பாத்திருப்பார்னு போட்டுட்டேன். அவரும் நான் பாத்திருப்பேன்னு போட்டிருக்கார். ஒன்னும் ஆகியிருக்காது. ஆனா…”

“சரி, வாங்க பாப்போம்” என்றேன்.

இருவரும் உட்கார்ந்து இருபத்து நாலு படத்தையும் ஒவ்வொன்றாகத் திருப்பினோம். எல்லாம் ஒழுங்காக இருந்தது. அவள் தோள் இறங்கியது. ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளாகவும் சொல்லவில்லை. பதிவேட்டில் ‘நான் சரியாகப் பார்க்கவில்லை’ பகுதியைத் திறந்து அவள் முன்னால் திருப்பி வைத்தேன். தேதி, நேரம், பெயர் மூன்றையும் அவளே எழுதினாள்.

அவள் போன பிறகு எண்ணிப் பார்த்தேன். இந்த மூன்று வாரத்தில் அது பதினொன்றாவது வரி.